தரை ஆளைத் தேடி வரும்போது

தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை.

காலை: வெளிநாட்டு அமைதிகாப்புப் பணிக்குச் செல்லவிருந்த ஆறு கண்ணிவெடிக் காப்பு வாகனங்கள் கடலூர்ப் பட்டறையில் இறுதிப் பார்வைக்கு நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும், ஓட்டுநருக்குப் பின்னால் இடப்புறம் உள்ள இருக்கைக்குக் கீழே, வரைபடத்தில் இல்லாத ஒரு பலகை தரையோடு பொருத்தப்பட்டிருந்தது.

முற்பகல்: வாகனங்களை அனுப்பலாம் என்னும் அனுப்பீட்டுச் சான்றில் நான் கையெழுத்திடவில்லை.

நண்பகல்: எலும்பு மருத்துவர் ஒருவர் வந்து வாகனத்தில் ஏறிப் பார்த்தார்.

பிற்பகல்: பலகைகள் கழற்றப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, வெடிப்புச் சோதனைக்கு உட்படாத வேறோர் அமைப்பு பொருத்தப்பட்டது.

மாலை: கையெழுத்திட்டேன். வாகனங்கள் துறைமுகத்துக்குப் புறப்பட்டன.

நடந்தது இவ்வளவே. பட்டறையில் இருக்கைகளையும் தரையையும் வடிவமைக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். வடிவமைப்புப் பணியில் பெரும்பகுதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பின் உங்கள் பட்டறைக்கு ஆலோசகனாக வந்தவன் நான். வாரத்தில் சில நாட்கள் மட்டும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்து போனேன். எனவே எழுதுவதற்கு நிறைய இருக்கும் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். யோசித்துப் பார்த்தால், உங்களுக்குப் பயன்படக்கூடியது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். மற்றவை வரைபடங்களிலேயே இருக்கின்றன.

அன்று வந்த எலும்பு மருத்துவர் என் மனைவி. இப்போது அவர் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வந்து நின்ற உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. இதை ஒரு முறை சொல்லிவிட்டேன். இனி வேலையைப் பேசலாம்.

நம் வாகனத்தைப் பற்றி வெளியார் கேட்கும் முதல் கேள்வி, எஃகு எவ்வளவு தடிமன் என்பதாகவே இருக்கும். தடிமன் முக்கியம்தான். ஆனால் கண்ணிவெடிக்கு எதிராக மனிதரைக் காப்பது பெரும்பாலும் வடிவமும் இடைவெளியும். கடலூர்த் துறைமுகத்தில் பழுதுபார்க்கக் கரையேற்றிய விசைப்படகின் அடியைப் பார்த்திருப்பீர்கள். நம் வாகனத்தின் வயிறும் அப்படித்தான் கூம்பியிருக்கும். வெடிப்பின் வேகம் அதன் இரு சரிவுகளிலும் பிரிந்து பக்கவாட்டில் போய்விடும். எஞ்சிய அதிர்வு வாகனத்தின் உள்தரையைத் தாக்கும். அதனால்தான் இருக்கைகளைத் தரையில் ஊன்றாமல் பக்கச் சுவரிலிருந்து தொங்கவிடுகிறோம். பாதம் வைக்கும் தாங்கியையும் தரையில் வைக்காமல் இருக்கையோடு சேர்த்தே தொங்கவிடுகிறோம். தரை எகிறும் அந்தக் கணத்தில், உட்கார்ந்திருப்பவரின் உடலில் எந்தப் பகுதியும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நம் பிரிவின் முழு அறிவும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த வாக்கியத்தின் பொருளை எனக்குப் புரியவைத்தது எந்த ஆய்வுக்கூடமும் அன்று. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் இடையே ஓடிய காலை ரயில்.

என் மனைவி கடலூரில் ஒரு மருத்துவமனையில் பணியாற்றினார். நான் பட்டறைக்கு வரும் நாட்களில் இருவரும் ஒன்றாகவே பயணம் செய்வோம். ஒரு நாள், சோதனை வெடிப்பில் பொம்மையின் காலில் பதிவான அளவுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனித உடலின் எடையும் மூட்டுகளும் கொண்ட அந்தப் பொம்மையை இருக்கையில் அமர்த்தித்தான் வெடித்துப் பார்ப்போம். ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டியது. அவர் கேட்டார்:

“உங்க பொம்மைக்கு எங்க அடி?”

“கணுக்காலுக்கு மேல. இடுப்புக்கு மேல முதுகுலயும் கொஞ்சம்.”

“குதிகால்?”

“அதை நாங்க தனியா அளக்கலை.”

“அளங்க. நேத்து காடாம்புலியூர்லேர்ந்து ஒருத்தரைத் தூக்கினு வந்தாங்க. பலா மரத்துலேர்ந்து நின்ன வாக்குலயே விழுந்திருக்காரு. ரெண்டு குதிகாலும் நொறுங்கிப் போச்சு. முதுகெலும்புல ஒண்ணு அமுங்கியிருக்கு. நீங்க சொல்றதும் அதேதானே?”

“அவர் விழுந்தவர். எங்க ஆளு உக்காந்த எடத்துலயே இருக்காரு. தரைதான் மேல வருது.”

“உங்களுக்குத் தரை ஆளைத் தேடி வருது. எனக்கு ஆளு தரையைத் தேடிப் போறாரு. எலும்புக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க.”

எதிர் இருக்கையில் இருந்த பயணி, எங்கள் முகத்தையும் பெட்டியின் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெல்லத் தம் கால்களை மேலே தூக்கி மடித்துக்கொண்டார். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அதன் பின் பண்ருட்டிப் பகுதியில் பலா வெட்டும் பருவம் வரும்போதெல்லாம், பெயர் சொல்லாமல், விழுந்தவர்களைப் பற்றி அவர் எனக்குச் சொல்வார். ஈரமான மண்ணில் விழுந்தவருக்கும் குதிகால் நொறுங்கியிருக்கும். காய்ந்த தரையில் விழுந்த வேறொருவர் முழங்கால் மடங்கியதால் தப்பியிருப்பார். காலுக்கு அடியில் இருப்பது மென்மையா கடினமா என்பதைவிட, கால் போவதற்கு இடம் இருந்ததா என்பதே பெரிய கேள்வி என்பார் அவர். அதை நான் நல்ல உரையாடலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது ஒரு பயிற்சி என்பது அந்த வெள்ளிக்கிழமைதான் விளங்கியது.

இனி பலகைக்கு வருகிறேன்.

வாகனங்களைப் பெறவிருந்த படைப்பிரிவிலிருந்து சிலர் சில நாட்களுக்கு முன்னரே பட்டறைக்கு வந்து, இருக்கைகளில் உட்கார்ந்து பார்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் செல்வி, கம்மாபுரத்துப் பெண், மத்திய ஆயுதக் காவல் படையில் காவலர். சராசரியைவிடக் குள்ளம். ஓட்டுநருக்குப் பின்னுள்ள இடப்புற இருக்கை அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உட்கார்ந்தால் பாதம், தொங்கும் தாங்கியை எட்டவில்லை. நான் அன்று அங்கே இல்லை. ஆனால் பட்டறை மேற்பார்வையாளர் தனசேகர், பார்த்ததை நடித்தே காட்டக்கூடியவர் என்பதால் எனக்கு எதுவும் குறைந்துபோகவில்லை.

“அண்ணே, நல்லா ஊஞ்சல் கட்டி வுட்டுட்டீங்க. தள்ளி வுடத்தான் ஆளு இல்ல,” என்றாராம் செல்வி, இரண்டு கால்களையும் ஆட்டியபடி.

“ஒனக்குக் கொழந்தைங்க சீட்டு வேணும்னு எழுதிப் போடறோம்டி,” என்றாராம் உடன் வந்த இன்னொரு பெண் காவலர்.

தனசேகர் சிரிக்கவில்லை. அவர் குறிஞ்சிப்பாடிக்காரர்; இங்கே வருவதற்கு முன் நெடுங்காலம் பேருந்துக் கூடு கட்டியவர். பயணியின் கால் தொங்கினால் அது கட்டியவனுக்கு அவமானம் என்று நம்பும் தொழில் அது.

“எத்தினி நேரம்மா இப்படி உக்காந்துனு போவணும்?” என்று கேட்டிருக்கிறார்.

“ரோந்து போனா நாள் முச்சூடும்ணே. கால் மரத்துப்பூடும். பரவால்ல, பழகிடும்.”

அந்தப் ‘பரவால்ல’ அவரைத் தூங்கவிடவில்லை. செல்வியின் கால் உயரத்துக்கு ஒரு பலகை செய்தார். மேலே ரப்பர் ஒட்டினார். விளிம்பு காலைக் கிழிக்காதபடி மழுக்கினார். எந்த வாகனம் அவருக்கு வருமோ என்று ஆறிலும் அதே இடத்தில் பொருத்தினார். படைப்பிரிவு அதிகாரி பார்த்துப் பாராட்டினார். மேலாளர் பாராட்டினார். வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே தலையை நீட்டியபோது, தனசேகரின் முகத்தில் திருமண வீட்டுக்காரரின் மலர்ச்சி இருந்தது.

“பாருங்க சார். மூணு அடுக்கு ரப்பர். யானை ஏறி நின்னாக்கூட அசையாது.”

“அதுதான் பயமா இருக்கு, தனசேகர்.”

அவர் முகம் மாறியது. நான் விளக்கினேன். இருக்கை சுவரிலிருந்து தொங்குகிறது. பலகை தரையில் நிற்கிறது. தரை எகிறினால் அந்தப் பெண்ணின் கால் இருக்கைக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப எடுத்துட்டா கால் தொங்கும். தொங்குற காலை வந்து தரை அடிக்காதா சார்?”

நாம் வெடித்துப் பார்த்த பொம்மை, கவச உடை அணிந்த சராசரி ஆணின் உருவம் கொண்டது. செல்வியின் உருவத்தை அந்த இருக்கையில் நாம் ஒருபோதும் உட்காரவைத்ததில்லை. பலகையோடு அனுப்புவதும் சோதிக்கப்படாதது. பலகை இல்லாமல் அனுப்புவதும் சோதிக்கப்படாதது. எனவே கையெழுத்திடாமல் பேனாவை மூடிவிட்டேன்.

அனுப்பீட்டை நிறுத்துவது பாதுகாப்பான பக்கம் என்று இளம் பொறியாளர்கள் நம்புகிறார்கள். நானும் நம்பியதுண்டு. அந்த நம்பிக்கையைப் படைப்பிரிவு அதிகாரி மிக அமைதியாக உடைத்தார். கப்பல் போய்விட்டால் அடுத்ததற்கு நாளாகும். அதுவரை தம் ஆட்கள் அந்நாட்டில் கண்ணி புதைந்த அதே சாலையில் சாதாரண லாரியில் ரோந்து போவார்கள். அந்த லாரியில் கண்ணி வெடித்தால் கால்களைப் பற்றிய கேள்வியே எழாது, உயிரைப் பற்றிய கேள்விதான் எழும் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார். நிறுத்தினாலும் அனுப்பினாலும் அதே பெண்தான் அதன் விளைவில் உட்காரப்போகிறார் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

என் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆட்டோவில் வந்து இறங்கினார்.

“சாப்பாட்டு நேரம் மட்டுந்தான் இருக்கு. சீக்கிரம் காட்டுங்க.”

புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு வாகனத்துக்குள் ஏறினார். வாகனங்களைப் பெற வந்திருந்த செல்வியைக் கூப்பிட்டு இருக்கையில் உட்காரவைத்தார். பலகைமேல் பாதம் ஊன்றியிருக்க, முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கால் அசையவில்லை.

“இது மரத்துலேர்ந்து விழுந்து தரையில நிக்கிற கால்,” என்றார்.

பிறகு பாதங்களைப் பலகைக்கு வெளியே விடச் சொன்னார். கீழிருந்து உள்ளங்கையால் பாதத்தைத் தட்டினார். முழங்கால் மடங்கி, கால் முன்னே போயிற்று.

“இதுக்கும் அடி படும். ஆனா போறதுக்கு எடம் இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான்னா எனக்கு இது போதும். ஆனா ரெண்டுல ஒண்ணுதான்னு யாருங்க சொன்னது? வார்டுல நாங்க காலை வாரு போட்டுத் தூக்கிக் கட்றோமே. அந்த மாதிரி சீட்டுலேர்ந்தே ஒரு வாரு தொங்கவுட்டு, அதுல பாதத்தை வெச்சுக்கட்டுமே. சீட்டு மேல போனா காலும் கூடவே போவும்.”

இருக்கைப் பட்டைக்கான வார் பட்டறையில் கட்டுக்கட்டாக இருந்தது. இருக்கையின் சட்டத்தில் துளைகள் இருந்தன. நம் எல்லோருக்கும் வரைபடம் தெரியும். கட்டித் தூக்கிய கால் எப்படி இருக்கும் என்பது தெரியாது.

வெளியே நின்றிருந்த தனசேகர், இறங்கி வந்த என் மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“அப்ப நான் செஞ்சது பாவமா டாக்டரம்மா?”

“யாருங்க சொன்னா? இத்தினி பேரு படிச்சுப் போட்ட படத்துல இந்தப் பொண்ணு இல்லவே இல்ல. எங்க வீட்டுக்காரர் போட்டதுலயும் இல்ல. நீங்க ஒருத்தர்தான் அவளைப் பார்த்தீங்க. பலகைதான் தப்பு. பார்த்தது தப்பே இல்ல.”

இளம் நண்பர்களே, இதை நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பலகை இல்லாதிருந்தால் நான் அன்று காலையே கையெழுத்திட்டிருப்பேன். தொங்கும் கால்கள் தொங்கியபடியே கப்பலேறியிருக்கும். பரிவினால் செய்யப்பட்ட தவறுக்கு ஒரு குணம் உண்டு: நாம் காணத் தவறிய ஆளை அது சுட்டிக்காட்டும். அதைத் திருத்தும்போது, சுட்டிய விரலையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள்.

தனசேகர் தாமே ஸ்பேனரை எடுத்தார். அவருடைய அக்காள் மகனும் அங்கே வெல்டராக இருந்தார்.

“மாமா, பெயின்ட்டு கூட இன்னும் காயல.”

“வாய மூடினு அந்தப் பக்கம் புடிடா.”

பிற்பகல் முழுவதும் வார்களைத் தைத்துப் பொருத்தினார்கள். பொருத்திய ஒன்றில் தனசேகரும் மருமகனும் ஆளுக்கொரு கை பிடித்துத் தொங்கிக் காட்டினார்கள். பட்டறை கைதட்டியது. நான் கைதட்டவில்லை. இரண்டு பேர் தொங்கினால் அறாது என்பது, வெடிப்பில் அறாது என்பதற்குச் சான்று ஆகாது. அதை அதிகாரியிடம் சொன்னேன். சான்றிலும், இது சோதிக்கப்படாதது என்று என் கையால் எழுதினேன். அவர் படித்துவிட்டு, செல்வியை அழைத்து, நீயே கேட்டுக்கொள் என்றார். அந்த அதிகாரிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். உட்காரப்போகிறவரை அழைத்துக் கேட்கச் சொன்ன அதிகாரிகள் என் பணிக்காலத்தில் அதிகம் இல்லை.

“சார், வெடிக்கும்போது இந்த வாரு அறுந்துபோச்சுன்னா?” என்று கேட்டார் செல்வி.

“அறுந்தா கால் தொங்கும்மா. அதுக்கு மேல மோசமாகாது. பலகை அப்படி இல்ல. அது கெட்டியா இருந்தாதான் ஆபத்து.”

அவர் என்னையும் வாரையும் பார்த்தார். “அப்ப வாரே இருக்கட்டும் சார்.”

விடை தெரியாத இரண்டு வழிகளுக்கு நடுவே நிற்கும்போது, எது வெல்லும் என்று கணிக்க முயலாதீர்கள். அவசரத்தில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் விருப்பமாகவே இருக்கும். எது தோற்றால் மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவசரத்திலும் நேர்மையாக விடை சொல்ல முடியும். அந்த விடையை நம்பித்தான் மாலையில் கையெழுத்திட்டேன்.

அதன் பின் நீண்ட காலம் செய்தி எதுவும் இல்லை. செய்தி இல்லாததை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் என் மனைவிக்குக் கிடையாது. ரயிலில் அவ்வப்போது கேட்பார்: “அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து ஏதாவது?” இல்லை என்பேன். பின்னர் அவர் நோயுற்றார். மருத்துவமனைக்கு மருத்துவராகப் போவது நின்றது. கடைசி வாரங்களில் பேச்சு மிகவும் குறைந்திருந்த ஒரு மாலையிலும், செல்வியின் பெயரைச் சொல்லிப் புருவத்தை மட்டும் உயர்த்தினார். இல்லை என்று தலையசைத்தேன்.

அவருக்கான முப்பதாம் நாள் திருப்பலி கடலூரில் நடந்தது. முடிந்து சிதம்பரம் வீட்டுக்குத் திரும்பியபோது, தனசேகரும் உடன் வந்தார். என்னைத் தனியே விட அவருக்கு மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் தெரியவில்லை. கூடத்தில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, மின்விசிறி ஜாஸ்தி சத்தம் போடுகிறது, கழற்றி எண்ணெய் விட்டுத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. எண்ணைப் பார்த்து எழுந்துவிட்டார். நானும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

“அண்ணே, செல்வி பேசறேன். ரெண்டு காலும் இருக்குண்ணே.”

“இன்னாம்மா சொல்ற? இன்னா ஆச்சு?”

“போன வாரம் ஏறிட்டோம், கண்ணி மேல. முன் சக்கரம் கழண்டு எங்கியோ போய் வுழுந்துச்சு. உள்ள எல்லாரும் உசுரோட இருக்கோம். டிரைவருக்குத் தோள்ல அடி. எனக்குக் கணுக்கால் வீங்கியிருக்கு, அவ்ளோதான். நானே எறங்கி நடந்து வந்தேண்ணே.”

தனசேகர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார். மறுமுனையில் செல்வி தொடர்ந்து பேசினார்.

“வாரு ஒரு பக்கம் அறுந்துபோச்சு. சார் சொன்னாரே, அறுந்தா தொங்கும்னு. அப்படியே தொங்குச்சு. இங்க டாக்டரு, தரையில கால் ஊனியிருந்தா ரெண்டும் போயிருக்கும்னாரு. அந்த டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்கண்ணே. மொதல்ல அவுங்ககிட்ட சொல்லிடுங்க.”

தனசேகர் என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையை அசைத்தேன்.

“சொல்லிடறேம்மா,” என்றார்.

அந்தப் பொய்க்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். தொலைதூரத்தில், வீங்கிய காலோடு, மகிழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அன்று அந்தத் துயரம் தேவையில்லை. பின்னர் ஒரு நாள் நானே செல்விக்குச் சொன்னேன்.

வேலை எனக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. தவறு செய்யத் துணிந்த பரிவுள்ள ஒரு சகபணியாளரை, உண்மையை முகத்துக்கு நேரே சொன்ன ஓர் அதிகாரியை, தன் காலைப் பற்றித் தானே முடிவு செய்த ஒரு காவலரைக் கொடுத்திருக்கிறது. என் வாழ்க்கைத் துணை ஒரு சாப்பாட்டு நேரத்தில் என் சக பொறியாளராகவும் இருந்தார். இத்தனையும் கிடைத்தவன் குறை சொல்லக் கூடாது. சொல்லவும் இல்லை.

நான் விலகும்போது முடிக்காமல் விட்ட வேலைகள் கீழே உள்ளன. இவை இனி உங்களுடையவை.

உயரமும் எடையும் குறைந்த உருவத்துக்கான சோதனைப் பொம்மை இன்னும் வரவில்லை. அது வராமல் எந்தப் புதிய இருக்கைக்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள்.

வார் ஒரு பக்கம் ஏன் அறுந்தது என்று நமக்குத் தெரியாது. அறுந்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். நல்லபடி முடிந்துவிட்டது என்பது அதற்கு விளக்கம் ஆகாது.

வலப்புற இருக்கைகளில் வார் இல்லை.

மரம் ஏறுவோருக்கு, நம்மிடம் மீந்துபோகும் வாரில் இடுப்புப் பட்டை தைத்துத் தர முடியுமா என்று என் மனைவி கேட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளவெடுத்து வரலாம் என்று சொல்லியிருந்தேன். போகவில்லை. காடாம்புலியூரில் பலா வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.